குழந்தை பிறந்தவுடன் அழவில்லை: மருத்துவமும் சட்டமும்

வாசகர் கேள்வி – பதில்

பிறக்கும்போது ஆக்ஸிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளின் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். உடல் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். சட்டம் அப்படியில்லை. ஆகவே சட்டம் வரும் இடங்களில் எந்த நாட்டு விதி என்று சொல்லிவிட்டே பேசுகிறோம்.

கேள்வி: நிறைமாதத்தில் பிறந்த எங்கள் பேரன் பிறந்தவுடன் அழவில்லை. 3 நாள் குளிரூட்டி வைத்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஹெச்.ஐ.இ. ஸ்டேஜ் 2' என்று போட்டிருக்கிறது. மருத்துவமனையே தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது என்கிறார்கள் உறவினர்கள். சரிதானா?

பதில்: சரியல்ல, ஐயா. ஹெச்.ஐ.இ. (ஹைபாக்ஸிக் இஸ்கீமிக் என்கெபலோபதி) என்று எழுதினால், ஆக்ஸிஜனும் ரத்த ஓட்டமும் குறைந்ததால் குழந்தையின் மூளை சரியாக இயங்கவில்லை என்று மருத்துவர் கருதுகிறார், அவ்வளவுதான். ஸ்டேஜ் என்பது 1976-ல் வந்த சார்னட் அளவுகோல். முதல் நிலையில் குழந்தை அளவுக்கு மீறி விழிப்பாக, துடிதுடிப்பாக இருக்கும். இரண்டில் மந்தமாக, உடல் தளர்ந்து இருக்கும். வலிப்பு வருவது பெரும்பாலும் இந்த நிலையில். மூன்று, நினைவில்லாத நிலை. எவ்வளவு பாதிப்பு என்று அது சொல்லும். யாரால், எப்போது என்று சொல்லாது.

காரணங்களை இரண்டு வகையாகப் பார்ப்பது நல்லது. ஒன்று, திடீரென்று நடப்பவை: நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, தொப்புள்கொடி நழுவி குழந்தைக்கு முன்னால் வருவது, கர்ப்பப்பை கிழிவது, தலை வெளியே வந்தபின் தோள் சிக்குவது. இவற்றில் பலவற்றை முன்கூட்டி அறிய முடியாது. கேட்க வேண்டியது, தெரிந்த பிறகு எத்தனை நிமிடத்தில் என்ன செய்தார்கள் என்பதை. இன்னொன்று, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல மோசமாவது: வலி வரவைக்கும் ஆக்ஸிடோசின் டிரிப் அதிகமாகி, வலிக்கும் வலிக்கும் நடுவே குழந்தை மூச்சு வாங்க நேரமில்லாமல் போவது, இதயத்துடிப்புத் தாளில் மாற்றம் தெரிந்தும் யாரும் முடிவெடுக்காமல் இருப்பது. கவனக்குறைவு என்ற பேச்சுக்கு இரண்டாவது வகையில்தான் அதிகம் இடம் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு: கர்ப்பத்திலேயே தொடங்கிய கிருமித்தொற்று, கருவின் பக்கவாதம், மரபணு மற்றும் வளர்சிதை மாற்றக் கோளாறுகள். பிறந்தவுடன் பார்த்தால் இவையும் ஹெச்.ஐ.இ. போலவே தெரியும்.

பிரசவத்தின்போதுதான் நடந்ததா என்று அறிய அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள், குழந்தை மருத்துவர்கள் சங்கங்களின் 2014 அறிக்கை சில அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது: 5, 10 நிமிட அப்கார் மதிப்பெண் (பிறந்த குழந்தையின் நிலைக்கு 10-க்குப் போடும் மதிப்பெண்) 5-க்குக் கீழ், தொப்புள்கொடித் தமனி ரத்தத்தில் அமிலம் ஏறியதைக் காட்டும் அளவுகளான பிஹெச் 7.0-க்குக் கீழ் அல்லது பேஸ் டெஃபிசிட் 12-ம் அதற்கு மேலும், எம்.ஆர்.ஐ.யில் பொருந்தும் வடிவம். சிறுநீரகம், கல்லீரல், இதயம் போன்ற பிற உறுப்புகளிலும் அடி. எம்.ஆர்.ஐ. நேரக்கணக்கையும் ஓரளவு சொல்லும். மூளையின் நடுவே உள்ள பேசல் கேங்க்லியா, தாலமஸ் பகுதிகளில் பாதிப்பு என்றால் ஆக்ஸிஜன் சட்டென்று ஏறத்தாழ முழுமையாக நின்றிருக்கலாம். பெரிய ரத்தக்குழாய்களின் எல்லைப்பகுதிகளில் என்றால் நீண்ட நேரம் அரைகுறையாகக் கிடைத்திருக்கலாம். பேரனின் கோப்பில் இந்த நான்கையும் தேடிப் பாருங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் தீர்ப்பு எழுத முடியாது.

கேள்வி: வழக்கு போடுவோமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் ஆவணங்களை வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். எவற்றையெல்லாம் கேட்பது?

பதில்: வழக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் வாங்குங்கள். அடுத்த பிரசவத்துக்கும் குழந்தையின் சிகிச்சைக்கும் அவை வேண்டும். 'முழு மருத்துவக் கோப்பு' என்று பொதுவாகக் கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கையில் திணிப்பார்கள். பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

தாயின் பக்கம்: கர்ப்பகால அட்டை, ஸ்கேன் மற்றும் டாப்ளர் அறிக்கைகள், அனுமதிக் குறிப்பு, பார்ட்டோகிராம் (பிரசவம் எப்படி நகர்கிறது என்று நேரவாரியாகக் குறிக்கும் தாள்), சி.டி.ஜி. (குழந்தையின் துடிப்பையும் தாயின் வலியையும் பதியும் இயந்திரம்) தாள் முழுவதும், ஆக்ஸிடோசின் எந்த நேரத்தில் எந்த வேகத்தில் ஏறியது என்ற பதிவு, மயக்க மருந்துக் குறிப்பு, அறுவை அரங்கப் பதிவேடு, கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள். குழந்தையின் பக்கம்: உயிர்ப்பித்தல் குறிப்பு, தொப்புள்கொடி ரத்த வாயு இயந்திரத்தின் அச்சுத் துண்டு, மூளையின் மின் அலைப் பதிவு (இ.இ.ஜி.), மணிவாரி வெப்பநிலையும் சர்க்கரையும், வேறு மருத்துவமனைக்கு மாற்றியிருந்தால் வழிப் பயணக் குறிப்பு. எம்.ஆர்.ஐ.யை அறிக்கையாக மட்டும் வாங்காமல் படங்களோடு டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு) வடிவில் வாங்குங்கள். நாளை இன்னொரு நிபுணர் பார்க்கப்போவது படத்தைத்தான்.

சில கண்ணிகள் உண்டு. சி.டி.ஜி. பல இடங்களில் வெப்பத்தாளில் அச்சாகிறது. வெளிச்சமும் சூடும் பட்டால் அது மங்கிப்போகும். மூலத்தாளை லேமினேட் செய்துவிடாதீர்கள். அந்தச் சூடே தாளைக் கருக்கிவிடும். அடியில் ஓடும் நேரக்குறி தெரியும்படி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு தொடர்ச்சியாகப் படம் எடுங்கள். அடுத்தது நஞ்சுக்கொடி. குழந்தை மோசமான நிலையில் பிறந்தால் அதை நோயியல் ஆய்வுக்கு அனுப்புவது நல்ல வழக்கம். தொற்றா, ரத்த உறைவா, நாள்பட்ட பற்றாக்குறையா என்று அது சொல்லும். பெரும்பாலும் குப்பைக்குப் போய்விடுகிறது. பிரசவம் முடிந்து ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் இன்றே எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, கடிகாரங்கள். சி.டி.ஜி. இயந்திரம், பிரசவ அறைச் சுவர், அறுவை அரங்கம், செவிலியரின் கைக்கடிகாரம் நான்கும் ஒரே நேரத்தைக் காட்டுவது அபூர்வம். 6 நிமிடத் தாமதத்தைப் பற்றி வாதாடும் வழக்கில் 4 நிமிடக் கடிகாரப் பிழை எல்லாவற்றையும் புரட்டிவிடும். அதற்குத்தான் உங்கள் கைப்பேசி. 'தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறாங்க' என்று மாமியாருக்கு அனுப்பிய செய்தி, அழைப்புப் பட்டியல், எடுத்த முதல் படம், இவற்றின் நேரம் நம்பத்தகுந்தது. கைப்பேசியை மாற்றும் முன் காப்புநகல் எடுங்கள். நடந்ததை நடந்த வரிசையில், தாய் தனியாகவும் உடனிருந்தவர் தனியாகவும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதித் தேதியிட்டு வையுங்கள். ஊகத்தை எழுத வேண்டாம். கண்டதும் கேட்டதும் போதும்.

கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். இந்தியாவில் 2002-ம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களைக் குறைந்தது 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பிரிட்டனில் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள், கட்டணமின்றி. அமெரிக்காவில் ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் சட்டத்தின் விதிப்படி 30 நாள். கோப்பு மின்னணு முறையில் இருந்தால் யார் எப்போது என்ன திருத்தினார் என்ற தணிக்கைப் பதிவையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: 'ஹார்ட் பீட் நல்லாத்தான் இருந்துச்சு' என்று கடைசிவரை சொன்னார்கள். சி.டி.ஜி. நகல் இப்போது கையில். சாதாரண ஆளால் அதில் ஏதாவது புரிந்துகொள்ள முடியுமா?

பதில்: தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்கே கேள்வி கேட்பது என்று தெரிந்துகொள்ளலாம். மேல் கோடு குழந்தையின் துடிப்பு, கீழ்க்கோடு கர்ப்பப்பையின் சுருக்கம். பல நாடுகளில் தாள் நிமிடத்துக்கு 1 செ.மீ. ஓடும், அமெரிக்காவில் 3 செ.மீ. வேகம் தெரியாமல் பார்த்தால் எல்லாமே தப்பாகத் தெரியும்.

அடிப்படைத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160. கோடு 5 முதல் 25 துடிப்பு அளவில் மேலும் கீழும் நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை தூங்கும்போது சற்று நேரம் நடுக்கம் குறையும். ஆனால் 50 நிமிடத்துக்கு மேல் கோடு தட்டையாகவே ஓடினால் கவலை. வலி உச்சத்துக்கு வந்து தணியும் நேரத்தில் துடிப்பு இறங்கி, வலி முடிந்தபிறகே ஏறுகிறது, ஒவ்வொரு வலிக்கும் இப்படியே என்றால் அது தாமதச் சரிவு. 3 நிமிடத்துக்கு மேல் சரிந்தே கிடந்தால் அவசரம். அப்போது பல பிரசவ அறைகளில் கற்பிக்கப்படும் கணக்கு இது: 3-வது நிமிடத்தில் உதவிக்கு ஆள், 6-ல் அரங்கத்தை நோக்கி நகர்வு, 9-ல் பிரசவத்துக்கு ஏற்பாடு, 12-ல் தொடக்கம், 15-ல் குழந்தை வெளியே. கீழ்க்கோட்டில் 10 நிமிடத்துக்கு 5-க்கு மேல் வலி இருக்கிறதா என்று எண்ணுங்கள். இருந்து, டிரிப்பும் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தால், ஏன் நிறுத்தவில்லை என்பது நியாயமான கேள்வி.

இன்னொரு பொறி: இயந்திரம் சில நேரம் குழந்தையை விட்டுவிட்டுத் தாயின் நாடியைப் பிடித்துக்கொள்ளும். குறிப்பாக முக்கும் நேரத்தில். முக்கும்போது துடிப்பு இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். தாயின் நாடியைத் தனியாகப் பார்த்துக் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 'நல்லாத்தான் இருந்துச்சு' என்பதற்குப் பின்னால் இப்படியும் இருக்கலாம்.

மருத்துவமனை பக்கம் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சி.டி.ஜி. பொய்யாகப் பயமுறுத்தும் கருவி. மோசமான கோட்டோடு நல்ல குழந்தைகள் நிறையவே பிறக்கின்றன. ஆகவே 'இந்த இடத்தில் கோடு கெட்டது' என்பது மட்டும் வாதமாகாது. கோடு கெட்டபின் தாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்களா, டிரிப்பை நிறுத்தினார்களா, மூத்த மருத்துவரை அழைத்தார்களா, அரை மணி கழித்து மறுபடி பார்த்தார்களா என்பதில்தான் வழக்கின் எடை.

சி.டி.ஜி.யே போடவில்லை என்றால்? ஆபத்தில்லாத பிரசவத்தில் காதால் கேட்டாலே போதும் என்பதுதான் ஏற்கப்பட்ட முறை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்வது முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. பார்ட்டோகிராமில் அந்தக் கட்டங்கள் காலியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒவ்வொரு முறையும் 140 என்று இருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் குழந்தையைக் குளிரூட்டவே இல்லை. இதுவே பெரிய தவறு என்று வழக்கறிஞர் ஒருவர் சொல்கிறார்.

பதில்: அவசரப்பட வேண்டாம். ஆக்ஸிஜன் நின்றதும் மூளையில் ஒரு அடி விழுகிறது. பிறகு சில மணி நேரம் அமைதி. அதன்பின் ஆற்றல் மறுபடி சரிந்து இரண்டாவது அடி. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில், அதாவது 6 மணி நேரத்துக்குள், உடலை 33 முதல் 34 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து 72 மணி நேரம் வைத்திருந்து, மணிக்கு அரை டிகிரி வீதம் மெல்லச் சூடாக்குவதுதான் சிகிச்சை. 36 வாரத்துக்கு மேல் பிறந்து, நடுத்தரம் அல்லது கடுமையான பாதிப்பு உள்ள குழந்தைகளுக்கு இது. வளர்ந்த நாடுகளின் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், சுமார் 7 குழந்தைகளைக் குளிரூட்டினால் ஒருவர் மரணத்திலிருந்தோ கடும் ஊனத்திலிருந்தோ தப்புகிறார்.

ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து நடந்து 2021-ல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில் பலன் தெரியவில்லை. குளிரூட்டிய குழுவில் 42 விழுக்காடு குழந்தைகள் இறந்தன, மற்றதில் 31. இதனால் அந்தச் சூழலில் குளிரூட்டாததைத் தவறு என்று நிறுவுவது கடினம். குளிரூட்டல் வழக்கமான சிகிச்சையாக இருக்கும் நாட்டில், தகுதி இருந்தும் பரிசோதிக்காமல் 6 மணி நேரத்தைக் கடக்க விட்டால் அது வேறு கதை. அங்கேயும் 'குளிரூட்டியிருந்தால் இந்தக் குழந்தை தப்பியிருக்கும்' என்று 50 விழுக்காட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 7-ல் ஒன்று என்ற கணக்கை எதிர்த்தரப்பு உடனே எடுத்து நீட்டும்.

இதைவிட எளிதான கேள்விகள் பலமுறை விட்டுப்போகின்றன. குழந்தைக்குச் சர்க்கரை எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்? காய்ச்சல் வரவிட்டார்களா? முகமூடியால் காற்று கொடுத்தபோது நெஞ்சு எழுந்ததா என்று குறித்தார்களா? உயிர்ப்பித்தலில் அடிக்கடி நடக்கும் பிழை முகமூடி ஓரத்தில் காற்று கசிவதுதான். பிறந்து ஒரு நிமிடத்துக்குள் சரியான காற்றோட்டம் தொடங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: வலி வந்தும் விடியும்வரை வீட்டிலேயே இருந்துவிட்டேன். என்னால்தான் குழந்தைக்கு இப்படி ஆனதா?

பதில்: அம்மா, மருத்துவமனைக்கு வந்தபோது துடிப்பு நன்றாக இருந்தது என்று அனுமதிக் குறிப்பில் இருந்தால், வீட்டில் இருந்த நேரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நீங்கள் சாப்பிட்டது, படியேறியது, அழுதது எதுவும் ஹெச்.ஐ.இ.யை உண்டாக்காது. அசைவு குறைந்ததைச் சொல்லியும் யாரும் பொருட்படுத்தவில்லை என்றால், அதைச் சொன்ன நாளும் நேரமும் எழுதி வையுங்கள்.

கேள்வி: நீதிமன்றத்தில் உண்மையில் எதை நிரூபிக்க வேண்டும்?

பதில்: இரண்டு விஷயம். முதலாவது, தகுதியுள்ள மருத்துவர் செய்யக்கூடியதைச் செய்யவில்லை. இரண்டாவது, அதனால்தான் இந்தப் பாதிப்பு. குடும்பங்கள் முதலாவதிலேயே முழு மூச்சையும் செலவழிக்கின்றன. வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இரண்டாவதில்.

முதலாவதற்கு ஆங்கிலேயச் சட்டத்தின் அளவுகோல் 1957-ன் போலம் வழக்கு: பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று ஏற்கும் முறையில் நடந்தால் கவனக்குறைவு இல்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதை ஏற்றது. பிரிட்டனில் 1997-ன் பொலிதோ தீர்ப்பு ஒரு கடிவாளம் போட்டது: நிபுணர்கள் ஏற்றால் மட்டும் போதாது, அந்த ஏற்பு தர்க்கத்துக்கும் நிற்க வேண்டும். ஆபத்தைச் சொல்லாமல் விட்டதற்கு அளவுகோல் வேறு. 2015-ன் மாண்ட்காமரி வழக்கில் தாய்க்குச் சர்க்கரை நோய், உயரமும் குறைவு. தோள் சிக்கும் ஆபத்து 9 முதல் 10 விழுக்காடு என்பதை மருத்துவர் சொல்லவில்லை. தலை வெளிவந்தபின் குழந்தை வெளியே வர 12 நிமிடம் ஆனது. சொல்லியிருந்தால் சிசேரியன் கேட்டிருப்பேன் என்ற தாயின் வாதத்தை பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

இரண்டாவதைக் கற்பனைக் கணக்கு ஒன்றால் விளக்கலாம். 2.00 மணிக்குத் துடிப்பு சரிந்து எழவே இல்லை. அவசர அழைப்பு 2.12-க்கு, குழந்தை 2.27-க்கு, இதயம் மறுபடி சீரானது 2.30-க்கு. 2.03-க்கே அழைத்திருக்க வேண்டும் என்று நிபுணர் சொல்கிறார். அப்படியானால் குழந்தை 2.18-க்கு, துடிப்பு சீராவது 2.21-க்கு. ஆக்ஸிஜன் ஏறத்தாழ முழுமையாக நிற்கும்போது ஆரோக்கியமான நிறைமாதக் குழந்தை சுமார் 10 நிமிடம் பாதிப்பின்றித் தாங்கும் என்பது நிபுணர்கள் கையாளும் தோராயம். அதன்படி மூளைக்குச் சேதம் 2.10-க்குத் தொடங்குகிறது. சரியாக நடந்திருந்தால் 11 நிமிடச் சேதம். நடந்தது 20 நிமிடச் சேதம். 'முதல் 11 நிமிடத்திலேயே ஊனம் வந்துவிட்டது' என்று எதிர்த்தரப்பு சொல்லும். 'நடக்கக்கூடிய குழந்தை, தாமதத்தால் நடக்க முடியாத குழந்தை ஆனது' என்று உங்கள் தரப்பு சொல்ல வேண்டும். ஏற்கெனவே களைத்திருந்த குழந்தைக்கு அந்த 10 நிமிடமும் கிடையாது என்பது இன்னொரு வாதம். மகப்பேறு நிபுணர், பச்சிளங்குழந்தை நிபுணர், எம்.ஆர்.ஐ. படிக்கும் நரம்புக் கதிரியக்க நிபுணர் என்று மூவர் தேவைப்படுவது இதனால்தான்.

பல காரணங்களில் எது என்று காட்ட முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் 1988 வில்ஷர் வழக்கு. குறைமாதக் குழந்தையின் பார்வை போனதற்கு 5 காரணங்கள் சாத்தியம். மருத்துவமனையின் பிழை அவற்றில் ஒன்று. அது போதாது என்று அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டன் நாடாளுமன்ற மேலவை சொல்லிவிட்டது. மறுபக்கம், தவறு வெளிப்படையாக இருந்தால் எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் சொன்னது. பிரசவ வழக்குகளில் அதை நம்பி நிபுணரின்றிப் போவது, எங்கள் பார்வையில், வீண் துணிச்சல்.

கேள்வி: எந்தக் கதவைத் தட்டுவது? போலீஸா, நுகர்வோர் ஆணையமா, மருத்துவ கவுன்சிலா?

பதில்: எதற்காகத் தட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மருத்துவ கவுன்சில் பதிவை நிறுத்தலாம், கண்டிக்கலாம், பணம் தராது. குற்றவழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையானது வேண்டும். மருத்துவர் மீது குற்றவழக்கு எடுக்குமுன் சுயேச்சையான மருத்துவக் கருத்து பெற வேண்டும் என்றது ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. கோபத்தில் முதலில் போலீஸுக்குப் போய், அங்கே 'கவனக்குறைவு இல்லை' என்று ஒரு நிபுணர் குழு எழுதிவிட்டால், அந்தத் தாள் பிறகு இழப்பீட்டு வழக்கில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். குழந்தையின் வாழ்நாள் செலவுக்குப் பணம் வேண்டும் என்றால் இழப்பீட்டு வழக்குதான் முதல் கதவு.

இந்தியாவில் கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் சாந்தா வழக்கில் தீர்ப்பானது. எல்லோருக்கும் இலவசமாகவே நடக்கும் மருத்துவமனை அதில் வராது. சிலரிடம் கட்டணம், சிலருக்கு இலவசம் என்றால் இலவச நோயாளியும் நுகர்வோரே. எந்த ஆணையம் என்பதை 2019 சட்டத்தில் நீங்கள் கேட்கும் தொகை தீர்மானிப்பதில்லை. நீங்கள் செலுத்திய தொகைதான். இப்போது அது 50 லட்சம் ரூபாய் வரை மாவட்டம், 2 கோடி வரை மாநிலம். ஆகவே கோடிக்கணக்கில் கேட்கும் பிரசவ வழக்கும் பெரும்பாலும் மாவட்ட ஆணையத்தில்தான் தொடங்கும். ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தை தொடர்பான ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் குழந்தைக்குத் தனியாகவும் பெற்றோருக்குத் தனியாகவும் இழப்பீடு தந்தது. மனுவில் இரண்டையும் கேளுங்கள். முற்றிலும் இலவச அரசு மருத்துவமனை என்றால் உரிமையியல் நீதிமன்றம், அல்லது உண்மைகள் பளிச்சென்று இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட். செலவுக்கு வழியில்லை என்றால்: 1987 சட்டப்பணிகள் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. இங்கிலாந்தில் கருவிலோ பிரசவத்திலோ பிறந்த 8 வாரத்துக்குள்ளோ நரம்புப் பாதிப்பு அடைந்து கடும் ஊனமான குழந்தைக்கு அரசுச் சட்ட உதவி கிடைக்க வழி இருக்கிறது.

சில இடங்களில் தவறை நிரூபிக்காமலே உதவி கிடைக்கும். நியூசிலாந்தில் 1974 முதல் விபத்து இழப்பீட்டுத் திட்டம். ஸ்வீடனில் 1975 முதல் நோயாளி காப்பீடு. ஜப்பானில் 2009 முதல் பிரசவத்தோடு தொடர்புள்ள கடும் பெருமூளை வாதத்துக்கு (செரிப்ரல் பால்சி) மொத்தம் 3 கோடி யென், பெரும்பகுதி 20 ஆண்டுத் தவணையாக. அமெரிக்காவில் வர்ஜீனியா (1987), புளோரிடா (1988) மாநிலங்களில் பிரசவ நரம்புப் பாதிப்புக்கு நிதியங்கள் உள்ளன. அங்கே ஒரு சிக்கல்: நிதியத்துக்குள் வரும் குழந்தைக்கு, அதில் சேர்ந்த மருத்துவர் மீது தனியே வழக்குப் போடும் உரிமை பெரும்பாலும் போய்விடும். விண்ணப்பிக்கும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு 18 வயதுவரை காலம் இருக்கிறதாமே?

பதில்: இங்கிலாந்தில் குழந்தைக்கு 21 வயது நிறையும்வரை, சுயமாக முடிவெடுக்க இயலாதவர் என்றால் காலவரம்பே ஓடாது. இந்தியாவில் நுகர்வோர் வழக்குக்கு 2 ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்காமலும் போகலாம். உரிமையியல் வழக்கில் 1963 காலவரையறைச் சட்டம் மைனருக்குச் சலுகை தருகிறது. அந்தச் சலுகை குழந்தையின் உரிமைக்கு மட்டும். பெற்றோரின் சொந்தக் கோரிக்கைக்கு இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கூட்டாட்சி அரசின் நிதியில் நடக்கும் சுகாதார மையம் என்றால் பெரும்பாலும் 2 ஆண்டுக்குள் அரசிடம் எழுத்துக் கோரிக்கை வைக்க வேண்டும். குழந்தை என்பதால் அது நீளாது. '18 வயதுவரை' என்ற பொதுப் பேச்சை நம்பிக் காலம் கடத்தியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். முதல் ஆண்டுக்குள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துக் கடைசித் தேதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பில்லைத் தள்ளுபடி செய்து, கூடவே ஒரு தொகையும் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறது நிர்வாகம்.

பதில்: பில் தள்ளுபடியை வாங்கலாம், 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற வரி இருந்தால் கையெழுத்து வேண்டாம். 3 மாதக் குழந்தை நடக்குமா, பேசுமா என்று யாருக்கும் தெரியாதபோது நிர்ணயிக்கும் தொகை ஊகம்தான். நீதிமன்றத்தில் இருக்கும் மைனர் வழக்கை நீதிமன்ற அனுமதியின்றி ராஜியாக முடிக்க முடியாது. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் இதுவே விதி. அனுதாபம் தெரிவித்தார், வருத்தம் சொன்னார் என்பதைத் தவறை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் 2006 சட்டமே அப்படி எடுக்கக் கூடாது என்கிறது.

கேள்வி: குழந்தைக்கு 4 மாதம். தெரபி தொடங்கினால் 'தேறிவிட்டான்' என்று இழப்பீடு குறையும், வழக்கு முடியட்டும் என்கிறார் உறவினர்.

பதில்: இதைக் கேட்டதும் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. உடனே தொடங்குங்கள். 3 முதல் 5 மாதத்தில் பார்க்கும் பொது அசைவுப் பரிசோதனை, ஹேமர்ஸ்மித் நரம்புப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. மூன்றையும் வைத்து 6 மாதத்துக்கு முன்பே பெருமூளை வாதத்தின் ஆபத்தைக் கணிக்க முடியும். காது, கண், விழுங்குதல், வலிப்பு நான்கும் தனித்தனியே பார்க்கப்பட வேண்டும். விழுங்கும்போது பால் மூச்சுக்குழாய்க்குப் போவது வெளியே தெரியாமலே நுரையீரலைக் கெடுக்கும்.

சட்டக் கணக்கும் உறவினர் நினைப்பதற்கு நேர்மாறு. இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுக்காவிட்டால் அதை எதிர்த்தரப்பு உங்கள்மேலேயே திருப்பும். இழப்பீட்டின் பெரும்பகுதி எதிர்காலப் பராமரிப்பு: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் யார் பார்த்துக்கொள்கிறார்கள், தெரபி, சக்கர நாற்காலி, வீட்டு மாற்றம், பெற்றோர் இழந்த வருமானம். ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்து, காலை முதல் மறுநாள் காலைவரை குழந்தைக்குச் செய்ததை மணிவாரியாக எழுதுங்கள். இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்பதும் பராமரிப்பு நேரம்தான். அதைத்தான் எல்லோரும் எழுத மறக்கிறார்கள். தவறு யாருடைய பொறுப்பு என்பது முதலில் தீர்ந்து, தொகையை நிர்ணயிக்கக் குழந்தைக்குச் சில வயது ஆகும்வரை காத்திருப்பதும், நடுவில் இடைக்காலத் தொகை கேட்பதும் பல நாடுகளில் உள்ள நடைமுறை.

கேள்வி: நான் பிரசவ அறைச் செவிலியர். மோசமான பிரசவம் ஒன்றுக்குப் பிறகு, விட்டுப்போன துடிப்பு அளவுகளைப் பார்ட்டோகிராமில் நிரப்பச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நிரப்பாதீர்கள். பார்த்ததும் நினைவில் இருப்பதுமான தகவலாக இருந்தால், குறிப்பின் கடைசியில் 'தாமதப் பதிவு' என்று தலைப்பிட்டு, எழுதும் இன்றைய தேதி, நேரம், நடந்த நேரம் மூன்றையும் குறித்துக் கையெழுத்திடுங்கள். அது சட்டப்படி சரி. பார்க்காத எண்ணைப் பழைய கட்டத்தில் எழுதினால், சி.டி.ஜி.யோடும் அரங்கப் பதிவேட்டோடும் ஒப்பிடும் முதல் நிபுணரே கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் நீங்கள் சரியாகச் செய்த மற்ற வேலைகளின் பதிவையும் யாரும் நம்ப மாட்டார்கள். எழுதச் சொன்னவர் வாய்மொழியாகத்தான் சொல்லியிருப்பார். யார், எப்போது, என்ன சொன்னார் என்பதை உங்களுக்காக அன்றே தனியே குறித்து வையுங்கள்.